டைபிரேக்கர் ஏழுமலையின் முகம்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஜோகுபாளையம் கிரவுண்டில் ஒருவர் தன்னுடைய கண்ணீர் அஞ்சலி போர்டுக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பேய்க்கதை இல்லை. பட்டப்பகல். நானே பார்த்தேன்.

மேலே ஆள் உயரத்தைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ். கோல்கீப்பர் ஜெர்சி, கையில் க்ளவுஸ், நெற்றியில் சுருள் முடி, எதிரில் வருகிறவனைக் கடித்துவிடுவது போல ஒரு முறைப்பு. தலையைச் சுற்றி கம்ப்யூட்டரில் போட்ட ஒளிவட்டம். பக்கத்தில் அணையவே அணையாத ஒரு குத்துவிளக்கு. கன்னடத்தில் பெரிதாக ஷ்ரத்தாஞ்சலி, அடியில் தமிழில் பொடியாகக் கண்ணீர் அஞ்சலி.

கீழே அதே மனிதர். முடி கொட்டி, தொப்பை போட்டு, வயதாகி… ஆனால் முறைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவர் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"தம்பி," என்றார் என்னிடம். "மேல இருக்கறது நான்தான?"

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். ஃபுட்பால். ஊரே கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் 'சி' டிவிஷன் லீக் ஆட்டத்துக்கு பஸ் மாறிப் போகிறவன். அதனால்தான் மார்னிங் ஸ்டார் கிளப்பின் செக்ரட்டரி பாபு போன் போட்டு, "சார், நம்ம டைபிரேக்கர் ஏழுமலைக்கு இரங்கல் கூட்டம். ஃபேன்ஸ் எல்லாம் சேந்து பண்றோம். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்" என்றபோது, ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். ஏழுமலை என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை.

ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாக்-அவுட் ஆட்டம் டிராவில் முடிந்தால் டைபிரேக்கர். ஒருவன் பந்தை வைத்து அடிப்பான். எதிரே கீப்பர் தனியாக நிற்பார். மார்னிங் ஸ்டாரின் ரெகுலர் கீப்பர் சம்பங்கி. ஆட்டம் முழுக்க அவர்தான் நிற்பார், விழுவார், முழங்கையைத் தேய்த்துக்கொள்வார். டிரா ஆகப்போகிறது என்று தெரிந்ததும், கடைசி நிமிடத்தில் கோச் அவரை வெளியே கூப்பிட்டு ஏழுமலையை உள்ளே அனுப்புவார். பெனால்டி பிடிக்க மட்டும் ஓர் ஆள். அவ்வளவுதான் ஏழுமலையின் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்கூல் பையை அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவர் உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன். மைதானத்தில் எல்லோரும் செம்மண் பூசிய பொம்மைகள் மாதிரி இருப்பார்கள். இவர் மட்டும் இஸ்திரி கலையாத ஜெர்சியில் நடந்து வருவார். ஓட மாட்டார். கோல் போஸ்ட்டை ஒரு தட்டு தட்டுவார். பிறகு நிற்பார். மற்ற கீப்பர்களைப் போல முன்கூட்டியே எந்தப் பக்கமும் பாய மாட்டார். அடிக்கிறவன்தான் பயந்துபோய் நேராக அவர் நெஞ்சுக்கே அடிப்பான்.

டிரா ஆகாவிட்டால்? பெஞ்சிலிருந்து எழுந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பந்தைத் தொடாமலே முடிந்த சீசன்கள் அவருக்கு உண்டு. ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், டிரா ஆனால் போதும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆட்டக்காரர் அந்தக் காலத்து பெங்களூரில் அவராகத்தான் இருந்திருப்பார்.

சரி. அப்படிப்பட்ட ஏழுமலை இரண்டு வாரம் முன்பு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஜீவனஹள்ளியில் வீடு. கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அடக்கத்தன்று மழை. மழையில் 'ஃபேன்ஸ்' யாரும் நனையவில்லை. மைக், பந்தல், வார்டு கார்ப்பரேட்டர், பிரியாணி என்று ஏற்பாடானதும் பாசம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

ஆனால் போர்டுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர் சம்பங்கி. அப்படியானால் போர்டில் ஏன் சம்பங்கி?

இங்கேதான் நம் ஆட்களின் மூளை வேலை செய்திருக்கிறது. பாபுவிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. கப் ஜெயித்த வருஷத்து டீம் போட்டோ. எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், டீம் போட்டோவை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். முடிந்தபிறகு வெளிச்சம் இருக்காது. போட்டோகிராபரும் இருக்க மாட்டார். முதலில் இறங்குகிற பதினோரு பேர் வரிசையாக நிற்பார்கள். எக்ஸ்ட்ரா ஆட்டக்காரர்கள் எல்லாருடைய வாட்ச், பர்ஸ், செருப்பையும் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நிற்பார்கள். ஏழுமலையின் இடம் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான்.

ஃபேன்ஸ் போட்டோவைப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஆள் கையில் க்ளவுஸ். கீப்பர் என்றால் ஏழுமலை. வெட்டு, ஒட்டு, ஒளிவட்டம். முடிந்தது கதை.

உயிரோடு இருக்கிற கீப்பரையும் தெரியாது, செத்த கீப்பரையும் தெரியாது. ஆனால் ரசிகர்கள்! தீவிர ரசிகர்கள்!

நானும் சம்பங்கியும் பாபுவைத் தேடிப் போனோம். பாபு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேடையில் நாற்காலி யார் யாருக்கு என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"பாபு, போர்டுல இருக்கறது ஏழுமலை இல்ல," என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க? பேர் கரெக்டா போட்டுக்கீறோமே!"

"பேர் கரெக்ட். மூஞ்சி இவருது. இவர்தான் சம்பங்கி. சந்தாபுராலேருந்து வந்திருக்கார். உயிரோடதான் இருக்கார்."

பாபு கண்ணாடியைக் கழற்றி சம்பங்கியை ஏற இறங்கப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். அதிர்ச்சி ஆவார் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. ஒரு விநாடி யோசித்தார். அவ்வளவுதான்.

"அண்ணே, சாரிண்ணே. டிசைன்ல ஒரு மிஸ்டேக் ஆயிட்ச்சி. இப்ப கார்ப்பரேட்டர் வர்ற டைம். போர்டு எறக்குனா ஸ்டேஜ் மொட்டையா பூடும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. கையில க்ளவுஸ் கீதுல்ல, ஜனத்துக்கு அது போதும்."

சம்பங்கி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மிகவும் நிதானமாகப் பேசினார்.

"இந்த கிரவுண்டுல எத்தினி மேட்ச்சுல கடைசி நிமிசத்துல என்னை வெளியே இட்டாந்து அவன உள்ளே வுட்டீங்க. கம்முனு வெளியே வந்தேன். இப்ப அவன் சாவுக்கு என்னை உள்ளே வுடறீங்களாடா?"

பாபு சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார். "சூப்பர்ண்ணே! இத ஸ்டேஜ்ல சொல்லுங்க, செமயா இருக்கும்!" என்று சொல்லிவிட்டுக் கார்ப்பரேட்டரின் காரை நோக்கி ஓடினார்.

கூட்டத்தில் இரண்டு மூன்று பழைய ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். முகம் தப்பு என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஒருவர் என் காதில் கிசுகிசுத்தார்: "பாத்தோம் சார். சொன்னா பாபு தப்பா நெனச்சுக்குவான். நமக்கு எதுக்கு வம்பு?" வாழ்க டீம் ஸ்பிரிட்.

கூட்டம் தொடங்கியது. அடடா, என்ன பேச்சுகள்!

முதலில் பேசியவர், ஏழுமலை புலி போல வலது பக்கம் பாய்ந்து கப்பைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்றார். அடுத்தவர், இடது பக்கம் என்றார். மூன்றாவது ஆள் இருவரையும் சமாதானப்படுத்த, "ரெண்டு பக்கமும் பாஞ்சாரு!" என்றார். கைதட்டல். ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் பாய்ந்தவர்! ஏழுமலை பாயவே மாட்டார் என்பதுதான் அவருடைய மொத்த வித்தையும். அதை யார் போய்ச் சொல்வது?

அதற்கடுத்தவர் ஏழுமலையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினார். பிறகு தான் ஆடிய காலத்தைப் பற்றி, தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி, தன் பையனுக்கு டீமில் சான்ஸ் கிடைக்காததைப் பற்றி. பேசி முடித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. முழங்காலை நினைத்து.

அப்புறம் கார்ப்பரேட்டர். கன்னடத்தில் ஆரம்பித்து, கூட்டத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "ஏழுமலை அவரு அடிச்ச கோல்களை இந்த ஏரியா எப்பவுமே மறக்காது!" என்றார்.

கோல்கீப்பர் சுவாமி. கோல் அடிக்க மாட்டார். தடுப்பார்.

விசில் பறந்தது.

அந்த விசிலுக்கு நடுவில்தான் இரண்டு பெண்கள் கேட்டருகே வந்து நின்றார்கள். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா. பக்கத்தில் மகள் மலர். இந்திராநகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அம்மாவுக்குச் சால்வை போடப்போகிறார்கள் என்று பாபு சொல்லி வரச்சொல்லியிருந்தாராம். அந்தம்மா புருஷன் ஆடியதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் மைதானத்துக்குப் பெண்களை யார் கூட்டிப்போனார்கள்? இன்றுதான் முதல்முறையாக அவர் ஆடிய இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்.

கன்னியம்மா நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். கீழே எழுதியிருந்த புருஷன் பெயரைப் படித்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

அழவில்லை. திட்டவில்லை. கேட்டோரம் கழற்றிவிட்ட செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"அம்மா… அம்மா, நில்லும்மா!"

"அவரு இல்லாத எடத்துல எனக்கு இன்னா வேலை? வேற யார் ஊட்டுக் காரியத்துலயோ போய் ஒக்காந்து நான் சால்வை வாங்கணுமா?"

மலர் நேராக மேடைக்குப் பக்கத்தில் நின்ற பாபுவிடம் போனாள். நான் பின்னாலேயே.

"அண்ணா, அது எங்கப்பா இல்ல. எறக்குங்க."

"மேடம், தெரியும் மேடம். ப்ராப்ளம் ஆயிட்ச்சி. நாளைக்கு மாத்திடலாம்."

"நாளைக்கு இந்தக் கூட்டம் இருக்குமா?"

"கூட்டம் இருக்காது… போர்டு இருக்கும்ல?"

"எங்கம்மா இன்னிக்குதாண்ணா வந்திருக்காங்க. திரும்ப வர மாட்டாங்க. எங்கப்பா இங்க ஆடுனாருன்னு எங்கள்ட்ட ஒரு போட்டோகூட இல்ல. ஒரு நாளாவது அவரு மூஞ்சி இந்த கிரவுண்டுல இருக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்."

பாபு தலையைச் சொறிந்தார். "சரி, ஃபேமிலி ஃபீலிங்ஸ் புரியுது. நீங்களே ஒண்ணு அடிச்சு எடுத்தாந்தா மாட்டிக்கலாம். நாங்க அப்ஜெக்ட் பண்ண மாட்டோம்."

என்ன பெரிய மனசு! அப்ஜெக்ட் பண்ண மாட்டார்களாம்!

நான் ரெண்டு வார்த்தை பேச வந்தவன். மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் பேசுவதைவிட ஒரு ஃப்ளெக்ஸ் கடையைத் தேடுவது உபயோகமான வேலை என்று தோன்றியது. மலரின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். போகும்போது பார்த்தேன், கன்னியம்மா மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று, போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார் சம்பங்கி.

அல்சூரில் ஒரு கடை திறந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இர்ஃபான் என்று ஒருத்தர். மலர் கைப்பையைத் திறந்து ஏழுமலையின் டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தாள். அதில்தான் இருக்கிறது, அவருடைய கடைசி போட்டோ. ஸ்டாம்ப் சைஸ். காக்கிச் சட்டை. ஒரு பக்கம் காலர் மடங்கியிருக்கிறது. கண் கொஞ்சம் சொருகியிருக்கிறது.

இர்ஃபான் ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இத பெருசு பண்ணா கட்டம் கட்டமா வரும். ப்ளேயர் மாதிரியும் தெரில. ஒண்ணு பண்றேன்… மார்னிங் ஸ்டார் போர்டு நம்மகிட்டதான் அடிச்சாங்க, ஃபைல் இருக்கு. பாடி அதையே வெச்சிக்கலாம். தலை மட்டும் இவரோடது. ஜெர்சி, க்ளவுஸ், ஒளிவட்டம் எல்லாம் ரெடி. பஸ்ட் க்ளாஸா வரும். யாருக்கும் தெரியாது."

சொல்லிக்கொண்டே செய்தும் காட்டிவிட்டார். ஸ்க்ரீனில் சம்பங்கியின் தோள்மேல் ஏழுமலையின் தலை! கப் ஜெயித்த டீமின் ஜெர்சியில், கம்பீரமாக! பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது. அவருக்குக் கிடைக்காத டீம் போட்டோ கிடைத்துவிடுகிறதே?

மலர் ரொம்ப நேரம் ஸ்க்ரீனைப் பார்த்தாள்.

"வேணாங்க," என்றாள். "எங்கப்பா சம்பங்கி சார் எடத்துல போய் நின்னாரு. அவரு ஒடம்புல நிக்கல."

"மேடம், எல்லாரும் இப்டிதான் பண்றாங்க…"

"அந்தக் காக்கிச் சட்டையே போதும். தினம் அதான் போட்டுட்டுப் போனாரு."

இர்ஃபான் தோளைக் குலுக்கினார். "ஒளிவட்டம்?"

"வேணாம்."

"வெளக்கு?"

"வேணாம்."

"கீழே யார் யார் போட்டோ? பிரசிடென்ட், செக்ரட்டரி, கார்ப்பரேட்டர்… எல்லாம் சிஸ்டம்ல சேவ் ஆகி இருக்கு. ஃப்ரீயாவே போட்டுத் தரேன்."

"யாரும் வேணாம். எங்கப்பா பேரு. அடியில கோல்கீப்பர்னு போடுங்க. டைபிரேக்கர் வேணாம். வெறும் கோல்கீப்பர்."

இர்ஃபானுக்கு வருத்தம். இவ்வளவு காலி இடத்தோடு ஒரு போர்டு தன் கடையிலிருந்து வெளியே போவது அவருடைய தொழிலுக்கே அவமானம் மாதிரி பார்த்தார். மெஷினில் வேறு ஒரு போர்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயது நிரம்பிய ஏதோ குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து. குழந்தையைச் சுற்றி மாமா, சித்தப்பா, சித்தப்பாவின் ஃப்ரெண்ட்ஸ். குழந்தை மூலையில் இருந்தது. அது முடிந்த பிறகுதான் ஏழுமலை. காத்திருந்தோம். அவருக்குக் காத்திருப்பது புதிதா என்ன?

நாங்கள் திரும்பி வந்தபோது மேடை காலி. மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கார்ப்பரேட்டரின் கார் போய்விட்டது. ஃபேன்ஸ் மொத்தமும் பக்கத்துக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பிரியாணி முன்னால். அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால் யாரோ கல்யாணம் பண்ணிக்கொண்டது போல இருந்தது.

டீக்கடை பெஞ்சில் கன்னியம்மாவும் சம்பங்கியும். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். சம்பங்கி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"…நெஜமா சொல்றேம்மா. அவன் பெஞ்சிலேருந்து எந்திரிச்சாலே எனக்கு வயிறு எரியும். மேல போட்ட ட்ராக் பேன்ட்ட கயட்டிட்டு அவன் உள்ளே வர நின்னா ஜனம் விசிலடிக்கும். நான் ஆட்டம் பூரா வுயுந்து வுயுந்து புடிச்சதை எவனும் பாத்ததில்ல. எனக்கு அவனப் புடிக்கவே புடிக்காது."

கன்னியம்மா தலையாட்டினார். "அவரும் ஊட்ல அதான் சொல்வாரு. சம்பங்கி காப்பாத்திக் குடுத்தாத்தான் எனக்கு வேலையே வரும்னு. அவன் கோல் வுட்டா நான் டிபன் பாக்ஸ தூக்கினு வந்துட வேண்டியதுதான்னு."

சம்பங்கி ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினார். டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார், கன்னியம்மாவுக்கு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று முழுவதும் மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஏழுமலையை உயிருக்கு உயிராக நேசித்தவர்கள். ஒருவருக்கும் அவர் முகம் தெரியவில்லை. அந்தம்மாவுக்கு அவருடைய புருஷனைப் பற்றி உண்மையாக நாலு வார்த்தை சொன்னவர், அவரைப் பிடிக்கவே பிடிக்காத ஒரே ஆள்! பிடிக்கவில்லை என்றாலும் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்திருக்கிறார். நாம் ரசிகர்கள் என்ன செய்கிறோம்? பெயரை எடுத்துக்கொண்டு, அதற்குள் நம்மை வைத்துத் தைத்துக்கொள்கிறோம். நான் அங்கே இருந்தேன், நான் விசிலடித்தேன், நான் தோளில் தூக்கினேன்… ஆள் செத்துப்போனால் இன்னும் வசதி. குறுக்கே வந்து 'நான் அப்படிப் பாயலையே' என்று சொல்ல மாட்டார்.

சரி, பிரசங்கம் போதும்.

பழைய போர்டை இறக்கினோம். சம்பங்கியே சாரத்தில் ஏறினார். அந்த வயதில், அந்தத் தொப்பையோடு! "நானே என்னை எறக்கறேன், வுடு" என்றார். இறக்கியதைச் சுருட்டி, முகம் உள்ளே போகும்படி கயிறு போட்டுக் கட்டினார். "எம் பொண்டாட்டி கண்ணுல இது பட்டா, நெஜமாவே போர்டு வெக்க வேண்டியதுதான்."

பிறகு புதியதைக் கட்டினோம். சின்ன போர்டு. பழையதில் பாதிகூட இல்லை. சாரத்தின் நடுவில், சுற்றிலும் மூங்கில் தெரிய, காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர். இர்ஃபான் சொன்னது போல முகம் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. கிட்டே போனால் ஒன்றுமே புரியவில்லை. பின்னால் நகர்ந்து, கோல் போஸ்ட் வரைக்கும் போய் நின்று பார்த்தால், அவர்தான். சந்தேகமே இல்லை.

கன்னியம்மா அங்கேதான் நின்றார். கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"காலர மடிச்சு வுட்டிருக்கலாம்," என்றார்.

"போட்டோல அப்டிதாம்மா இருந்துச்சு."

"அன்னிக்கே சொன்னேன். கேட்டாதான…"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் இப்போது கோபம் எங்கள்மேல் இல்லை, போர்டில் இருப்பவர்மேல்.

அப்போது பிரியாணி முடித்து, பல் குத்திக்கொண்டே பாபு வந்தார். பின்னால் ஒரு கும்பல். கைகளில் பீடா. எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பாபுவின் பார்வை ஏழுமலையின் முகத்தில் நிற்கவில்லை. நேராகக் கீழே இறங்கியது. இடமிருந்து வலம் போனது, வலமிருந்து இடம் வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி தேடினார்.

"மேடம்… நல்லா கீது. ஆனா நம்ம போட்டோ எங்க?"

மலர் கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு இன்னும் டைம் வரலையேண்ணா. வந்ததும் தனியாவே போட்டுடலாம்."